தொண்டை வலியில் தொடங்கும் அவசரம்

என் சித்திக்கு இதயத்தில் உலோக வால்வு. கரண்ட் போய் மின்விசிறி நின்ற கோடை இரவுகளில், பக்கத்துப் பாயில் படுத்திருந்தால் அது மூடிக்கொள்ளும் சத்தம் கேட்கும். சுவர்க் கடிகாரத்தைவிடச் சற்று வேகமான, மெல்லிய ‘டிக்’. சிறுவயதில் அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்துத்தான் அவர் தன் கதையைப் பின்னோக்கிக் கோத்துச் சொன்னார். பன்னிரண்டு வயதில் காய்ச்சலோடு முழங்கால் வீங்கிப் பத்து நாள் படுத்திருந்தார். வளரும் பிள்ளைக்கு வரும் வாதம் என்று எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். முதல் கர்ப்பத்தின்போது படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். முப்பத்திரண்டாவது வயதில் ஒரு நள்ளிரவு நுரை நுரையாகச் சளி வந்து, மூச்சுத் திணறி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டில் இன்றும் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது “திடீர்னு வந்திருச்சு” என்றுதான் சொல்கிறார்கள். அதற்குள் நோய் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

வால்வு நோயைப் பற்றிப் படிக்கப் படிக்க, இதே வரிசை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆம்புலன்ஸை அழைக்கும் நிமிடத்துக்கு முன்னால், தடுத்திருக்கக்கூடிய பல நாட்கள் கடந்துபோயிருக்கின்றன. ஆகவே இதய அவசரத்தை எதிர்கொள்வது எப்படி என்ற கேள்வியைக் கடைசி அரைமணி நேரத்துக்குள் மட்டும் வைத்துப் பேசினால் போதாது. தொண்டை வலியிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்கு கதவுகள்

இதயத்துக்குள் நான்கு வால்வுகள். ரத்தம் ஒரே திசையில் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. அவற்றுக்கு அந்த ஒரு வேலைதான். இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நான்கும் திறந்து மூட வேண்டும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் இருப்பது மிட்ரல் வால்வு. இடது கீழறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் கிளம்பும் வாசலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. வலது பக்கம் ட்ரைகஸ்பிட், பல்மோனரி என்று இரண்டு. இடது பக்கத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் பெரும்பாலான தொல்லை அங்கேதான்.

வால்வு கெடுவது இரண்டு விதம். சரியாகத் திறக்காவிட்டால் சுருக்கம், சரியாக மூடாவிட்டால் கசிவு. மருத்துவமனை வராந்தாவில் இவற்றை “வால்வு சுருங்கிருச்சு” என்றும் “வால்வு லீக்” என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே வால்வில் சேர்ந்தும் வரும். ‘இதயத்தில் ஓட்டை’ என்பது இதிலிருந்து வேறு. அது பெரும்பாலும் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பிறவியிலேயே இருக்கும் துளை.

சுருக்கம் என்றால் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. நல்ல மிட்ரல் வால்வு திறக்கும்போது 4 முதல் 6 சதுர செ.மீ. வழி இருக்கும். ஏறக்குறைய ஓர் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவு. 1.5 சதுர செ.மீ.க்குக் கீழே வந்தால் கடுமையான சுருக்கம். 1 சதுர செ.மீ. என்பது சட்டைப் பொத்தானின் அளவு. உடம்பின் மொத்த ரத்தமும் அந்தப் பொத்தான் அளவு வழியில் நுழைந்துதான் போக வேண்டும். இதயம் நிதானமாகத் துடிக்கும்வரை சமாளித்துக்கொள்ளும், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் ரத்தம் வடிய நேரம் இருப்பதால். காய்ச்சலோ, கர்ப்பமோ, ஓட்டமோ, பயமோ வந்து துடிப்பு வேகமெடுத்தால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். வடியாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் ஏறும். என் சித்திக்கு அந்த இரவில் நடந்தது அதுதான்.

வால்வைக் கெடுப்பவை பல. வயதானவர்களுக்கு அயோர்ட்டிக் வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து இதழ்கள் இறுகுகின்றன. மூன்று இதழ் இருக்க வேண்டிய அந்த வால்வில் நூற்றில் ஒருவர், இருவருக்குப் பிறப்பிலேயே இரண்டு இதழ்தான் இருக்கும். அது சீக்கிரம் பழுதாகும். மிட்ரல் இதழ் தொய்ந்து கசிவதுண்டு. மாரடைப்பில் வால்வைத் தாங்கும் தசை அறுந்து ஒரே நாளில் கடுமையான கசிவு வருவதும் உண்டு. ஆனால் நம் நாட்டில் இளவயதினரின் வால்வைக் கெடுக்கும் முதன்மைக் காரணம் வாதக் காய்ச்சல் எனப்படும் ருமாட்டிக் காய்ச்சல். உலகம் முழுவதும் சுமார் 5.5 கோடிப் பேர் ருமாட்டிக் இதய நோயோடு வாழ்வதாகவும், ஆண்டுக்குச் சுமார் 3.6 லட்சம் பேர் இறப்பதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பணக்கார நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்ட நோய் இது. நெரிசலான வீடும், கிடைக்காத மருத்துவமும் இருக்கும் இடங்களில்தான் இன்னும் நிற்கிறது.

பத்து வயதில் விழும் வடு

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை புண்ணாகிறது. அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஆற்றல், சில குழந்தைகளில் ஆள் அடையாளம் தவறி, தன் சொந்தத் திசுக்களையே தாக்குகிறது. தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் இது தெரியும். அதனால் தாய்க்கும் சரி, பிள்ளைக்கும் சரி, இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று தோன்றுவதே இல்லை. 5 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது.

அடையாளங்கள் குறிப்பானவை. காய்ச்சலோடு பெரிய மூட்டுகள் வீங்கும்; வீக்கம் இடம் மாறும். இன்று முழங்கால், மறுநாள் கணுக்கால், அதற்கடுத்து முழங்கை. சில பிள்ளைகளுக்குக் கையும் முகமும் தாமாகவே துள்ளும். எழுதினால் எழுத்து கோணும், தட்டைப் பிடித்தால் நழுவும். பள்ளியில் குறும்பு என்று திட்டு விழும், சில வீடுகளில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அது மூளையைத் தொட்ட வாதக் காய்ச்சல். இந்த அடையாளங்களை டக்கெட் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1944-இல் தொகுத்தார். திருத்தப்பட்ட அந்த அளவுகோல்தான் இன்றும் கையாளப்படுகிறது.

மூட்டு வீக்கம் ஒரு தடயமும் இல்லாமல் ஆறிவிடும். இதயத்தில் விழுந்த வடு ஆறாது. ஒவ்வொரு முறை தொண்டையில் அதே கிருமி வரும்போதும் வால்வு மறுபடி புண்ணாகி, இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, இருபதாவது முப்பதாவது வயதில் வழி அடைபடுகிறது.

இதைத் தடுக்கும் மருந்து எழுபது ஆண்டுகளாக நம் கையில் இருக்கிறது. அது பென்சிலின். கிருமித் தொண்டைப் புண்ணுக்கு, அது தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் பென்சிலின் கொடுத்துவிட்டால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, பென்சாதீன் பென்சிலின் ஊசியை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டு வந்தால் மறு தாக்குதலைத் தடுக்கலாம். நம் மருத்துவமனைகளில் 21 நாள் கணக்கே வழக்கம். வால்வில் பழுது இருந்தால் இது குறைந்தது பத்து ஆண்டு, பெரும்பாலும் நாற்பது வயது வரை நீளும்.

இந்த ஊசி எவ்வளவு உதவும் என்பதை உகாண்டாவில் நடந்த ஆய்வொன்று 2021-இல் எண்ணால் காட்டியது. எந்தத் தொந்தரவும் இல்லாத, எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் பரிசோதனையில் மட்டும் ஆரம்ப நிலை வால்வு மாற்றம் தெரிந்த 818 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். இரண்டு ஆண்டில் ஊசி போடாத பிரிவில் 33 பேருக்கு நோய் முற்றியது. ஊசி போட்ட பிரிவில் மூன்றே பேர்.

ஆனாலும் ஊசி விட்டுப்போகிறது. அதற்கான காரணங்களை நேர்மையாகப் பார்க்க வேண்டும். அந்த ஊசி வலிக்கும். பிள்ளை இரண்டு நாள் நொண்டும். மருந்து சில சமயம் கடைகளில் கிடைக்காது. ஒவ்வாமை வந்து உயிர் போய்விடுமோ என்று போடத் தயங்கும் மருத்துவர்களும் உண்டு. உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஏற்கெனவே வால்வு கடுமையாகப் பழுதாகி இதயம் தளர்ந்திருப்பவர்களுக்கு ஊசியின் வலியும் பயமுமே ஆபத்தை உண்டாக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் எச்சரித்தது. அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையாகக் கொடுக்கச் சொன்னது. மற்ற பிள்ளைகளுக்கு ஊசிதான் சிறந்தது. எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. பிள்ளை பார்க்க நன்றாக இருக்கிறான், பள்ளிக்குப் போகிறான், பந்து விளையாடுகிறான். நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எதற்கு வருடக்கணக்கில் ஊசி என்று வீடு சோர்ந்துவிடுகிறது.

கர்ப்பத்தில் வெளிப்படும் நோய்

மிட்ரல் சுருக்கம் பெண்களுக்கே அதிகம். கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. அதுவரை வாய் திறக்காத வால்வு அப்போதுதான் பேசத் தொடங்குகிறது. ஆனால் மாசமான பெண்ணுக்கு மூச்சு வாங்குவது இயல்புதானே என்று வீடு சொல்லும். சமயத்தில் மருத்துவமனையும் சொல்லும்.

சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2016 முதல் 2019 வரை இதய நோயுள்ள பெண்களின் 1,029 கர்ப்பங்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 42 சதவீதத்துக்குக் காரணம் ருமாட்டிக் இதய நோய். பத்தில் ஆறு பேருக்குத் தங்களுக்கு இதய நோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. இந்த ஆய்வின் எந்த எண்ணை மறந்தாலும் இந்தப் பத்தில் ஆறை மறக்கக் கூடாது. அந்தப் பெண்கள் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள், காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள், திருமணம் செய்திருக்கிறார்கள். இருபது வருடத்தில் ஒருவர்கூட அவர்கள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்கவில்லை, அல்லது கேட்டது போதவில்லை.

தவறான பெயர்களும் நோயை மறைக்கும். மிட்ரல் சுருக்கத்தில் இருமல் வரும், இரவில் மூச்சு முட்டும், சளியில் ரத்தமும் வரும். ஆஸ்துமா என்று இழுப்பு மருந்தும், எக்ஸ்ரே பார்த்துக் காசநோய் என்று ஆறு மாத மருந்தும் தின்றவர்கள் உண்டு. சில அறிகுறிகளை மனத்தில் வைத்தால் போதும். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் சரியாவது, தலையணையின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து ஜன்னலைத் தேடி ஓடுவது, முன்பு ஏறிய படியில் இப்போது நடுவில் நிற்க வேண்டியிருப்பது, காரணமில்லாத படபடப்பு, மாலையில் கால் வீக்கம். வயதானவர்களானால் நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், வேலை செய்யும்போது மயக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்கோ எடுக்க வேண்டும். எக்கோவில் ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. அரைமணியில் வால்வின் நிலை கண்ணுக்குத் தெரியும்.

விரலிலிருந்து பலூன் வரை

மருத்துவம் வால்வைத் தொடத் துணிந்ததே நூறு ஆண்டுக்கு முன்புதான். 1923-இல் பாஸ்டன் நகரில் எலியட் கட்லர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் சுருங்கிய மிட்ரல் வால்வைக் கத்தியால் திறந்தார். அவள் நான்கு ஆண்டுக்கும் மேல் வாழ்ந்தாள். அவருடைய அடுத்தடுத்த நோயாளிகள் பிழைக்கவில்லை. 1925-இல் லண்டனில் ஹென்றி சௌட்டர், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் தன் விரலையே நுழைத்து ஒட்டிய இதழ்களைப் பிரித்தார். அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு எந்த மருத்துவரும் அவரிடம் இன்னொரு நோயாளியை அனுப்பவில்லை. கெட்டது தசைதான், வால்வைத் திறந்து பயனில்லை என்று அன்றைய பெரிய மருத்துவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை உடைய இருபத்து மூன்று ஆண்டு ஆனது. 1948-இல் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி, பாஸ்டனில் ட்வைட் ஹார்க்கன், லண்டனில் ரஸல் பிராக் ஆகியோர் ஒரே ஆண்டில் வெற்றி கண்டார்கள். 1960-இல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் கூண்டுக்குள் பந்து வைத்த செயற்கை வால்வைப் பொருத்தினார்கள்.

1980-களில் ஜப்பானின் கான்ஜி இனோவே நெஞ்சைத் திறக்காமலே சுருக்கத்தை நீக்கும் வழியைக் கொடுத்தார். தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாகப் பலூனை அனுப்பி, வால்வின் நடுவில் ஊதி, ஒட்டிய ஓரங்களைப் பிரிப்பது. இளவயதில் மிட்ரல் சுருக்கம் வருபவர்கள் அதிகமுள்ள இந்தியாவுக்கு இது பெரிய வரமாக அமைந்தது. இதழ் இன்னும் வளைந்து கொடுக்கும் நிலையில், கசிவு அதிகம் இல்லாமல், மேலறையில் ரத்தக்கட்டி இல்லாமல் இருந்தால் பலூன் போதும். கர்ப்பிணிகளைக்கூட இப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த வாய்ப்பும் நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்கே கிடைக்கும்.

வெளிநாட்டு வால்வின் விலை எட்டாத காலத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். முதல் மூன்று வடிவங்களும் சோதனையில் தோற்றன. நான்காவது வடிவத்தில் கோபால்ட்–குரோமியக் கலவையில் சட்டமும், மிக வலுவான பாலிஎத்திலீன் வட்டும் வைத்தார்கள். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. குழுமம் உற்பத்தியை ஏற்றது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024-இல் மறைந்தார். மும்முறை தோற்றும் மேசையை விட்டு எழாத அந்தக் குழுவுக்கு இந்த நாடு பட்ட கடன் பெரிது.

முதியோரின் அயோர்ட்டிக் சுருக்கத்துக்கு, 2002-இல் பிரான்ஸின் ரூவான் நகரில் ஆலன் கிரிபியே குழாய் வழியாகவே புதிய வால்வைப் பொருத்திக் காட்டினார். அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாதவர்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், மருந்தும் வழக்கமான சிகிச்சையும் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள்; இந்த வால்வு பெற்றவர்களில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மயக்கமும் நெஞ்சு வலியும் வந்த பிறகு அயோர்ட்டிக் சுருக்கத்தில் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நோட்டுப் புத்தகத்தோடு வாழ்வது

உலோக வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டும். அதனால் வாழ்நாள் முழுவதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும்: வார்ஃபரின், அல்லது நம்மூரில் அதிகம் தரப்படும் ‘ஆசிட்ரோம்’. அளவு குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். கூடினால் உள்ளே ரத்தம் கசியும். இரண்டுக்கும் நடுவில் நடக்க உதவுவது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. பொதுவாக அயோர்ட்டிக் இடத்து உலோக வால்வுக்கு 2 முதல் 3, மிட்ரல் இடத்துக்கு 2.5 முதல் 3.5 என்று இலக்கு வைப்பார்கள். சித்தியின் நீல நோட்டில் மூன்றே பத்திகள்: தேதி, எண், மாத்திரை அளவு. இருபத்தைந்து வருடமாக ஒரு மாதமும் விட்டதில்லை. ஓரங்கள் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்த நோட்டைவிட மதிப்பான நகை அந்த வீட்டில் இல்லை.

பரிசோதனை வேண்டாத புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றனவே என்று பலர் கேட்கிறார்கள். உலோக வால்வுக்கு டாபிகாட்ரானைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, ரத்தக்கட்டியும் ரத்தக் கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் நோயோடு துடிப்பு ஒழுங்கு கெட்ட 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் ரிவராக்ஸபானைச் சோதித்த 2022 ஆய்வில், பழைய மாத்திரை குடித்தவர்களே அதிகம் பிழைத்தார்கள். ஆகவே யார் சொன்னாலும் தாமாக மாத்திரையை மாற்றக் கூடாது. கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ கேட்காமல் சேர்க்கக் கூடாது. பல் பிடுங்கப் போகும் முன் செயற்கை வால்வு இருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரையை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

அந்த நிமிடம் வந்துவிட்டால்

எவ்வளவு தடுத்தும் சில இரவுகள் வரும். வால்வு நோயாளியின் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

திடீர் மூச்சுத் திணறல், இளஞ்சிவப்பு நுரைச்சளி: நுரையீரலில் நீர் ஏறியிருக்கிறது. படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முதுகுக்கு முட்டுக் கொடுத்து, காலைத் தொங்கவிடச் செய்யுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

செயற்கை வால்வின் ‘டிக்’ மங்கிவிட்டது, கூடவே மூச்சு முட்டுகிறது: வால்வில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். காலை வரை பார்ப்போம் என்பது இங்கே கூடாது.

முகம் ஒரு பக்கம் கோணுகிறது, கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது: இதயத்தில் உருவான கட்டி மூளைக்குப் போயிருக்கலாம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே அவகாசம். ரத்தம் உறையாத மாத்திரை குடிக்கிறார் என்பதை முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதே மாத்திரை குடிப்பவர் தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வால்வு நோயாளிக்கு நாள்கணக்கில் விடாத காய்ச்சல்: வால்வில் கிருமி குடியேறியிருக்கலாம். கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் குடித்தால் ரத்தப் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகும். முதலில் ரத்தம் எடுக்கட்டும், பிறகு மருந்து.

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை: மாரடைப்பாகக் கருதுங்கள். வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருப்பதில் போகும் ஒவ்வொரு நிமிடத்திலும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. அக்கம்பக்கத்தார் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டும் ‘சார்பிட்ரேட்’ நாக்கடி மாத்திரையை, அயோர்ட்டிக் சுருக்கம் உள்ளவருக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்துவிடும்.

ஒருவர் சரிந்து விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது விட்டு விட்டு இழுக்கிறது என்றால் இதயம் நின்றுவிட்டது. ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்ப் பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மறு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். வாயில் ஊதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அழுத்தினால் போதும். செயற்கை வால்வு இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நின்ற இதயத்தைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட்ட முடியும் என்று 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் எழுதினார்கள். யாரும் அழுத்தாமல், மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. வேகமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

இருப்பதும் இல்லாததும்

தமிழ்நாட்டில் மாரடைப்புக்கு ஒரு வலைப்பின்னல் உருவாகியிருக்கிறது. 2008 முதல் 108 ஓடுகிறது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து மாரடைப்பைக் கையாண்ட ஆய்வு 2017-இல் வெளியானது. 2,420 நோயாளிகளிடம் நடந்த அதில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு அறுவை சிகிச்சைக்கும் இடம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கும் தேசியத் திட்டத்தின் பட்டியலில் ருமாட்டிக் இதய நோயும் இருக்கிறது. 2018-இல் உலகச் சுகாதாரப் பேரவை இந்த நோயை ஒழிக்க உறுப்பு நாடுகளைக் கேட்டுத் தீர்மானமும் போட்டது.

ஆகத் துண்டுகள் எல்லாம் கையில் இருக்கின்றன. அவற்றைக் கோக்கும் நூல்தான் குறை. வாதக் காய்ச்சல் வந்த பிள்ளை ஊர் மாறினாலும், பள்ளி மாறினாலும், அவனுடைய அடுத்த ஊசித் தேதி அங்கேயுள்ள செவிலியருக்குத் தெரிய வேண்டும்; தடுப்பூசிக்கு அப்படி ஒரு பதிவேட்டை நாம் நடத்திக்காட்டியிருக்கிறோம். முதல் கர்ப்பப் பரிசோதனையிலேயே ஒவ்வொரு பெண்ணின் நெஞ்சையும் மருத்துவர் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த வாரமே எக்கோ கிடைக்க வேண்டும். ஐ.என்.ஆர். பார்க்க ஒரு நாள் கூலியை விட்டு மாவட்டத் தலைநகருக்குப் போகாமல், தாலுகா மருத்துவமனையிலேயே பார்க்க முடிய வேண்டும். இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். தொண்டை வலிக்குப் பிறகு பிள்ளைக்கு மூட்டு வீங்கினால் எண்ணெய் தேய்த்து விட்டுவிடாதீர்கள். மாசமான மகளோ மருமகளோ இரவில் உட்கார்ந்தபடி தூங்கினால் இயல்பு என்று சொல்லாதீர்கள். நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் போதும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வாதக் காய்ச்சல் வந்த பிள்ளை இருந்தால் கடைசி ஊசி எப்போது போட்டார்கள் என்று இன்றே கேளுங்கள். அடுத்த ஊசி அதிலிருந்து இருபத்தோராம் நாள்.